காத்திருக்கத் தேவையில்லாத வீரர்கள்

கூண்டுச் சண்டைகளை நடத்தும் நிறுவனம் யுஎஃப்சி. லாஸ் வேகாஸில் 2016 ஜூலை 9 அன்று நடந்த அதன் யுஎஃப்சி 200 நிகழ்ச்சியில் பிராக் லெஸ்னர், மார்க் ஹன்ட்டை மூன்று சுற்றுகளில் வென்றார். மூன்று நடுவர்களும் 29-27 என்று ஒரே கணக்கைக் கொடுத்தார்கள். ஆறு நாள் கழித்து, ஜூலை 15 அன்று, ஜூன் 28-ஆம் தேதி லெஸ்னரிடம் எடுத்த மாதிரியின் முடிவு வந்தது. தடைசெய்யப்பட்ட குளோமிஃபின் அதில் இருந்தது. சண்டை நாளன்று எடுத்த மாதிரியிலும் அதே மருந்துதான். சோதனை சரியாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் அது வாய் திறப்பதற்குள் சண்டை முடிந்து, சம்பளம் பட்டுவாடா ஆகி, ஹன்ட் வாங்கிய அடியும் வாங்கியதாகவே ஆகிவிட்டது.

டென் ஸ்போர்ட்ஸில் மல்யுத்தம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு லெஸ்னரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2014 ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரின் தொடர் வெற்றியை முறித்தவர். அது எழுதி வைத்த நாடகம். ஆனால் அந்த மனிதர் நாடகக்காரர் மட்டும் அல்ல. 2000-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ஹெவிவெயிட் சாம்பியன், 2008-ல் ராண்டி கூட்யூரை வீழ்த்தி யுஎஃப்சியின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றவர். 2011 டிசம்பர் 30 அன்று அலிஸ்டர் ஓவரீமிடம் முதல் சுற்றிலேயே தோற்று, கூண்டுச் சண்டையிலிருந்து ஓய்வு பெற்று, மறுபடி டபிள்யூடபிள்யூஈ மேடைக்குப் போனார். நாலரை ஆண்டு கழித்து, 2016 ஜூன் 4 அன்று யுஎஃப்சி 199 ஒளிபரப்பின் நடுவே அவருடைய மறுவருகை அறிவிக்கப்பட்டது. சண்டைக்கு அப்போது ஐந்து வாரம்தான் இருந்தது.

ஐந்து வாரம் போதாது என்று யுஎஃப்சியின் விதியே சொன்னது. அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான யுசாடாவிடம் தன் சோதனைகளை யுஎஃப்சி 2015 ஜூலையில் ஒப்படைத்தது. அந்தக் கொள்கையின்படி, ஓய்விலிருந்து திரும்பும் வீரர் 4 மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவித்து, அந்த 4 மாதமும் எந்த நேரத்திலும் சோதனைக்குக் கிடைக்க வேண்டும். அதே விதியின் வாலில் ஒரு வாசகம் இருந்தது: அசாதாரணச் சூழலிலோ, விதியை அப்படியே பிடித்துக்கொள்வது வீரருக்கு வெளிப்படையான அநீதியாகும் இடத்திலோ யுஎஃப்சி விலக்கு தரலாம். விலக்கைத் தருவது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். யுசாடா அல்ல, யுஎஃப்சி. டிக்கெட் விற்பவர், சண்டையை ஒளிபரப்பிக் காசு பார்ப்பவர், யாருக்கு எதிராக யார் என்று ஜோடி சேர்ப்பவர், வீரருக்குச் சம்பளம் கொடுப்பவர், எல்லாம் ஒரே நிறுவனம். விலக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் பேனாவும் அதன் சட்டைப்பையில்தான் இருந்தது.

இந்தக் காத்திருப்பு எதற்கு? ஊக்கமருந்து பற்றிப் பொதுவாக நம்பப்படும் ஒன்றை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். சண்டை நாளன்று மருந்து உடம்பில் இருந்தால்தான் பலன் என்று நினைக்கிறோம். அனபாலிக் ஸ்டீராய்டுகளின் பலன் பயிற்சிக் காலத்தில் கிடைப்பது. மருந்து எடுத்த வீரர் கூடுதலாகப் பயிற்சி செய்கிறார், சீக்கிரம் களைப்பாறுகிறார், தசை சேர்க்கிறார். பிறகு மருந்தை நிறுத்தினால், அது எந்த வகை என்பதைப் பொறுத்துச் சில நாளிலோ சில மாதத்திலோ தடயம் மறையும்; தசை அவ்வளவு வேகமாக மறையாது. ஓய்வில் இருக்கும் வீரரைச் சோதிக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஆகவே மோசடி செய்ய விரும்புபவருக்கு ஓய்வைவிட நல்ல மறைவிடம் கிடையாது. முன்கூட்டியே சோதனைப் பட்டியலுக்குள் வரச் சொல்வது இந்த மறைவிடத்தை அடைக்கத்தான். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வீரரின் ரத்தமும் ஹார்மோனும் இயல்பாக எந்த அளவில் இருக்கும் என்று தெரிந்தால்தான் இயல்பு மீறியதைப் பிடிக்க முடியும். அதற்குப் பல மாதிரிகள், இடைவெளி விட்டு, வேண்டும். ஐந்து வாரத்தில் எத்தனை முறை ஊசி குத்தினாலும் அந்த இடைவெளி கிடைக்காது.

லெஸ்னரிடம் கிடைத்த குளோமிஃபினும் இந்தக் கதைக்குள் வருவதுதான். குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போன பெண்கள் பலருக்குத் தெரிந்த மாத்திரை அது. கருமுட்டை வெளிவரத் தூண்டுவது. ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. அதனால் பிட்யூட்டரி சுரப்பி வேகம் எடுக்கிறது. ஆணின் உடம்பில் இதே வழியாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு ஏறும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குச் சொந்தச் சுரப்பு படுத்துவிடும். மருந்தை நிறுத்தியபின் அதை எழுப்பிவிட ஜிம் வட்டாரங்களில் இதைப் பயன்படுத்துவது வழக்கம். இதனால் லெஸ்னர் ஸ்டீராய்டு எடுத்தார் என்று நிரூபணமாகிவிடாது. அவர் மேல் நிரூபணமான குற்றம் குளோமிஃபின் மட்டுமே. ஆனால் நான்கு மாத விதி எந்த மாதிரிச் சந்தேகத்தைத் தீர்க்க எழுதப்பட்டதோ, விதியைத் தளர்த்தியதும் சரியாக அதே மாதிரிச் சந்தேகம் வந்து நின்றது.

விலக்கு கொடுத்ததற்கு யுஎஃப்சி சொன்ன நியாயத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. லெஸ்னர் விலகியது 2011-ல். சோதனைத் திட்டம் வந்ததோ 2015-ல். இல்லாத திட்டத்திலிருந்து அவர் எப்படி ஓய்வு பெற்றிருக்க முடியும்? ஆகவே அவரைப் புதிதாகச் சேரும் வீரர் போலவே நடத்தினோம் என்றார்கள். புதியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஏதோ ஒரு சிறு நிறுவனத்தில் ஒரு சோதனையும் இல்லாமல் பத்துச் சண்டை போட்டவரை, யாரோ காயப்பட்ட இடத்தில் இரண்டு வார அவகாசத்தில் யுஎஃப்சி கூண்டுக்குள் கொண்டுவந்து விடலாம். அவர் காத்திருக்க வேண்டாம், முன்னாள் சாம்பியன் மட்டும் காத்திருக்க வேண்டும் என்பது விசித்திரம்தானே?

விசித்திரம்தான். என் கணிப்பில் இந்த விவாதத்தில் யுஎஃப்சி பக்கம் உள்ள வலுவான வாதம் இது ஒன்றே. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? புதியவர்களையும் கொஞ்சக் காலம் சோதிக்க வேண்டும் என்ற இடத்துக்குத்தான். பழையவர்களையும் விட்டுவிடலாம் என்ற இடத்துக்கு அல்ல. ஒரு ஓட்டையைக் காட்டி இன்னொரு ஓட்டையை நியாயப்படுத்த முடியாது. மேலும், லெஸ்னருடன் பேச்சு கொஞ்ச காலமாகவே நடந்துவந்ததாகவும், டபிள்யூடபிள்யூஈயின் அனுமதி கிடைக்கத்தான் தாமதம் என்றும் அதே விளக்கத்தில் சொன்னார்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தால் சோதனையும் நடந்துகொண்டிருக்கலாமே. சோதனைப் பட்டியலில் சேர ஒப்பந்தம் தேவையில்லை, ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதம் போயிருந்தால் மறுவருகைச் செய்தி கசிந்திருக்கும். யுஎஃப்சி 199 நடுவே ரசிகர்களை வாய்பிளக்க வைத்த அறிவிப்பு கிடைத்திருக்காது. விளம்பரத்தின் திடீர்த்தன்மைக்காகச் சோதனைக் காலம் விட்டுக்கொடுக்கப்பட்டது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. விளைவு என்னவோ அப்படித்தான் அமைந்தது.

யுஎஃப்சி 200 சாதாரண நிகழ்ச்சி அல்ல. அது முடிந்த இரண்டாம் நாள், ஜூலை 11 அன்று, யுஎஃப்சி நிறுவனமே சுமார் 400 கோடி டாலருக்குக் கைமாறும் செய்தி வெளியானது. நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 6 அன்று, அந்த மாலையின் முதன்மைச் சண்டையில் இறங்கவிருந்த ஜான் ஜோன்ஸ் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நீக்கப்பட்டார். அவரிடம் கிடைத்த பொருள்களில் ஒன்றும் குளோமிஃபினின் எச்சமே. ஜோன்ஸிடம் மாதிரி எடுத்தது ஜூன் 16. முடிவு வர 20 நாள் ஆனது. லெஸ்னருக்கு 17 நாள். ஜோன்ஸின் மாதிரி கொஞ்சம் முன்னால் எடுக்கப்பட்டதால் அவர் சண்டைக்கு முன் அகப்பட்டார். லெஸ்னர் சண்டைக்குப் பின். ஒருவர் கூண்டுக்குள் போகலாமா கூடாதா என்பதை ஆய்வகத்தின் வரிசை எண் தீர்மானித்தது. நான்கு மாதக் காத்திருப்பு இருந்திருந்தால் இந்த 17 நாளும் 20 நாளும் யாருக்கும் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அத்தனை முறை சோதித்தோமே என்று விலக்கின் ஆதரவாளர்கள் அடிக்கடி சொன்னார்கள். உண்மை, லெஸ்னரைச் சோதித்தார்கள், நிறையவே சோதித்தார்கள். விலக்கினால் குறைந்தது சோதனையின் எண்ணிக்கை அல்ல, காலம்.

தண்டனை என்ன? நெவாடா மாநில அத்லெடிக் கமிஷன் 2016 டிசம்பரில் லெஸ்னரை ஓராண்டு இடைநீக்கம் செய்து, 2,50,000 டாலர் அபராதம் விதித்து, சண்டையின் முடிவைச் செல்லாததாக மாற்றியது. அவருக்கு அறிவிக்கப்பட்ட சம்பளம் 25 லட்சம் டாலர், அதுவரை யுஎஃப்சியில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதில் மிகப் பெரியது. பத்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு மீதியைக் கொண்டுபோனார். அதற்குள், 2016 ஆகஸ்டில், சம்மர்ஸ்லாமில் ராண்டி ஆர்ட்டனுடன் மோதியும் முடித்திருந்தார். டபிள்யூடபிள்யூஈக்கும் ஊக்கமருந்துக் கொள்கை உண்டு. பகுதிநேரக் கலைஞர்களுக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். இங்கும் ஒரு விலக்கு!

இது கூண்டுச் சண்டைக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்தால் தவறு. சைக்கிள் பந்தயத்தில் இதே நாடகம் எட்டு ஆண்டு முன்பே நடந்தது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2008-ல் ஓய்விலிருந்து திரும்பினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் சோதனைப் பட்டியலில் சேர்ந்தார். அப்போதைய விதிப்படி 6 மாதம், அதாவது 2009 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அவர் முதலில் ஓட்ட விரும்பியது ஜனவரி 20 அன்று அடிலெய்டில் தொடங்கும் டூர் டவுன் அண்டர். அவரை வரவழைக்கத் தெற்கு ஆஸ்திரேலிய அரசு பணம் கொடுத்திருந்தது. சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் தலைவர் பேட் மெக்வெய்ட் முதலில் தயங்கினார், பிறகு அனுமதித்தார். இரண்டு வாரம்கூட இல்லாத சலுகை. ஆனால் பின்னாளில் அந்தச் சம்மேளனமே அமைத்த விசாரணைக் குழு 2015 அறிக்கையில் இந்த முடிவை விமர்சித்தது. விதியைத் தளர்த்தியதற்கும், மெக்வெய்டுக்கு வேண்டியவர்கள் நடத்திய அயர்லாந்துப் பந்தயத்தில் ஓட்ட ஆம்ஸ்ட்ராங் சம்மதித்ததற்கும் கால நெருக்கம் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. மறுவருகைக் காலத்திலும் அவர் ரத்தத்தில் தில்லுமுல்லு செய்தார் என்பது யுசாடாவின் 2012 அறிக்கை; அந்தக் காலத்துக்கான குற்றச்சாட்டை மட்டும் ஆம்ஸ்ட்ராங் மறுத்துவந்தார்.

இரண்டு கதைகளிலும் பொதுவான ஒன்றைக் கவனிக்கலாம். விதிவிலக்கு பெற்றவர்கள் ஏழை எளியவர்கள் அல்ல. ‘வெளிப்படையான அநீதி’ என்ற வாசகம் யாரை நினைத்து எழுதப்பட்டது? கர்ப்பகாலம் முடிந்து திரும்பும் வீராங்கனையை, போர்ச் சூழலில் சிக்கியவரை, அலுவலகப் பிழையால் பெயர் விடுபட்டவரை நினைத்து என்று வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அந்தக் கதவு திறந்தது யார் வந்தால் அரங்கம் நிறையுமோ அவருக்கு. மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற கணக்குத்தான்.

அதே சமயம், காத்திருந்து வந்த பெரிய பெயர்களும் உண்டு. மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2012 லண்டன் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்று, மறுபடி பட்டியலில் சேர்ந்து, உரிய காலம் கழித்தே 2014 ஏப்ரலில் நீந்தினார். கூண்டிலேயே சிறந்த உதாரணம் ஜார்ஜ் செயின்ட் பியர். 2013 இறுதியில் வெல்டர்வெயிட் பட்டத்தைத் துறந்து விலகியவர். லெஸ்னரைப் போலவே யுசாடா திட்டம் வருவதற்கு முன் விலகியவர், லெஸ்னரைப் போலவே டிக்கெட் விற்கும் பெயர். அவர் 2016-லேயே சோதனைப் பட்டியலில் சேர்ந்தார். சண்டை போட்டது 2017 நவம்பர் 4 அன்று, நியூயார்க்கில், மைக்கேல் பிஸ்பிங்குக்கு எதிராக. வென்று மிடில்வெயிட் பட்டத்தையும் எடுத்தார். காத்திருப்பு வியாபாரத்தைக் கெடுக்கும் என்ற வாதத்துக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

அந்தப் பிஸ்பிங்கின் வலது கண் இந்த விவாதத்தின் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. யுசாடாவுக்கு முந்தைய காலத்தில் விலக்கு வேறு வடிவத்தில் இருந்தது: டெஸ்டோஸ்டிரோன் ஈட்டு சிகிச்சை. உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று மருத்துவர் சான்று கொடுத்தால், தடைசெய்யப்பட்ட அதே ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொண்டு சண்டையிட அனுமதி கிடைத்தது. டான் ஹென்டர்சன், சேல் சோனன், ஃபிராங்க் மிர், அன்டோனியோ சில்வா என்று பட்டியல் நீண்டது. முப்பது வயது தாண்டிய பலசாலிகளுக்கு இவ்வளவு ஹார்மோன் குறைபாடு எப்படி வந்தது என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். முன்பே ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குச் சொந்தச் சுரப்பு கெடுவது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். அப்படியானால் பழைய தவறே புதிய சலுகைக்குத் தகுதிச் சான்றாகிவிடும் ஆபத்து இருந்தது. விட்டோர் பெல்ஃபோர்ட் 2006-ல் நெவாடாவில் சோதனையில் சிக்கியவர். அதே பெல்ஃபோர்ட் 2013-ல் இந்தச் சிகிச்சையில் இருந்தபடி பிரேசிலில் மூன்று சண்டை போட்டு, மூன்றையும் தலைக்கு விட்ட உதையால் முடித்தார். அவற்றில் முதலாவதில் எதிரே நின்றவர் பிஸ்பிங். விழித்திரை பிரிந்தது அந்தச் சண்டையால்தான் என்பது பிஸ்பிங் சொல்வது. அறுவைக்குப் பின் அறுவை செய்தும் அந்தக் கண்ணில் பார்வை தங்கவில்லை. 2014 பிப்ரவரி 27 அன்று நெவாடா கமிஷன் இந்த விலக்கை அடியோடு நிறுத்தியது. மற்ற இடங்களும் பின்தொடர்ந்தன. ஒரு விலக்கை முழுவதுமாக மூடினால் விளையாட்டு நின்றுபோய்விடாது என்பதற்கு அந்த நாள் சாட்சி.

சைக்கிளில் மோசடி செய்தவர் அடுத்தவரின் பதக்கத்தைத் திருடுகிறார். கூண்டில் அவர் அடுத்தவரின் முகத்தில் குத்துகிறார். இந்த வேறுபாட்டை வாய்ப்பேச்சாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். விதிகளில் அதன் தடம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஹன்ட்டின் கணக்கைப் பாருங்கள். சமோவா வழிவந்த நியூசிலாந்துக்காரர், கே-1 கிக்பாக்ஸிங் பட்டம் வென்றவர். 2013 டிசம்பரில் பிரிஸ்பேனில் அவர் அன்டோனியோ சில்வாவுடன் ஐந்து சுற்று ரத்தம் சொட்டச் சண்டையிட்டுச் சமன் செய்தார். சில்வா சோதனையில் சிக்கினார். 2016 மார்ச்சில் அதே பிரிஸ்பேனில் ஃபிராங்க் மிர்ரை வீழ்த்தினார், மிர்ரும் சிக்கினார். அடுத்ததே லெஸ்னர். 2017-ல், தன் பேச்சு குழறுவதையும் நினைவு மங்குவதையும் பற்றி ஹன்ட் ஓர் ஆஸ்திரேலியத் தளத்தில் எழுதினார். அதைக் காரணம் காட்டி, உடல்நலக் கவலை என்று சொல்லி, சிட்னியில் நடக்கவிருந்த அவருடைய சண்டையிலிருந்து யுஎஃப்சி அவரை நீக்கியது. கவலைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. லெஸ்னருக்கு விலக்கு எழுதியபோது அந்தக் கவலை எங்கே போயிருந்தது என்று ஹன்ட் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அவர் 2017 ஜனவரியில் யுஎஃப்சி, அதன் தலைவர் டேனா ஒயிட், லெஸ்னர் மூவர் மீதும் நெவாடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2019-ல் அது தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் ஒரு பகுதி உயிர்பெற்றது. 2023-ல் மறுபடி எதிர்த்தரப்புக்கே தீர்ப்பு. லெஸ்னர் மருந்து எடுக்கிறார் என்று தான் சந்தேகப்படுவதாகச் சண்டைக்கு முன்பே ஹன்ட் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஏமாற்றப்பட்டேன் என்ற வாதத்துக்கு அதுவே முட்டுக்கட்டையானது. சந்தேகப்பட்டது சரி, ஆனால் மறுத்தால் சம்பளம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவரின் சம்மதத்தை எந்த அளவுக்குச் சம்மதம் என்பது? குத்துச்சண்டை வீரர்களுக்கு அமெரிக்காவில் முகமது அலி பெயரில் ஒரு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கூண்டுச் சண்டை வீரர்கள் அதன் குடைக்குள் வருவதில்லை.

லெஸ்னர் விவகாரம் வீண்போகவில்லை என்று சொல்ல ஒரு காரணம் உண்டு: 2017-ல் யுஎஃப்சி அந்த 4 மாதத்தை 6 மாதமாக உயர்த்தியது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான வாடாவின் விதியும் 6 மாதம்தான். ஆனால் வாடாவின் விதியில் விலக்கு கொடுப்பது வாடா. யுஎஃப்சி அந்த விதித் தொகுப்பில் கையெழுத்திட்ட அமைப்பு அல்ல. ஆகவே மாதம் கூடியது, பேனா இடம் மாறவில்லை. அடுத்த நெருக்கடி அந்தப் பேனாவைச் சுற்றியே வந்தது.

கானர் மெக்ரெகர் 2021 ஜூலையில் டஸ்டின் போரியருடனான சண்டையில் காலை முறித்துக்கொண்டார். பிறகு சோதனைப் பட்டியலிலிருந்து விலகினார். ரோட் ஹவுஸ் படத்தில் நடித்தார். 2023 பிப்ரவரியில் அவர் மைக்கேல் சாண்ட்லருடன் மோதுவார் என்று யுஎஃப்சி அறிவித்தது. ஆனால் அவர் பட்டியலில் இல்லை. மாதங்கள் ஓடின. ஆறு மாதம் வேண்டியதில்லை, விலக்கு கொடுக்கலாம் என்ற பேச்சு அடிபட்டது. ஆறு மாதமும், மருந்து இல்லை என்று காட்டும் இரண்டு சோதனை முடிவுகளும் இல்லாமல் விலக்கே கூடாது என்று யுசாடா வெளிப்படையாகச் சொன்னது. அக்டோபர் 8 அன்று மெக்ரெகர் பட்டியலில் சேர்ந்தார். மூன்று நாள் கழித்து யுசாடா ஓர் அறிக்கை வெளியிட்டது: ஆண்டு முடிவோடு தங்கள் ஒப்பந்தத்தை யுஎஃப்சி நீட்டிக்கப்போவதில்லை, மெக்ரெகர் விஷயத்தில் தாங்கள் எடுத்த நிலைப்பாட்டைக் கேள்வி கேட்டதால் உறவு தொடர முடியாததாகிவிட்டது. யுஎஃப்சி இதைக் கொதித்து மறுத்தது. பிரிவுக்கும் மெக்ரெகருக்கும் தொடர்பில்லை என்றது. எது உண்மைக் காரணம் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. சோதிப்பவரை நியமிக்கவும் நீக்கவும் சோதிக்கப்படும் வியாபாரத்தின் முதலாளிக்கே அதிகாரம் இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

2024 முதல் மாதிரி எடுக்கும் வேலை டிரக் ஃப்ரீ ஸ்போர்ட் இன்டர்நேஷனலிடம் போனது; நிர்வாகம், எஃப்பிஐயில் இருந்தபோது சதாம் உசேனை விசாரித்த ஜார்ஜ் பீரோவிடம். விந்தை என்னவென்றால், இந்தப் புதிய ஏற்பாட்டில்தான் மெக்ரெகர் மாட்டினார். சாண்ட்லருடனான சண்டை 2024 ஜூன் 29-க்கு வைக்கப்பட்டு, மெக்ரெகரின் கால்விரல் காயத்தால் நின்றது. அதே ஆண்டில் மூன்று முறை மாதிரி எடுக்க வந்தவர்களுக்கு அவர் கிடைக்கவில்லை. ஜூனில் ஒன்று, செப்டம்பரில் அடுத்தடுத்த நாளில் இரண்டு. 2025-ல் அறிவிக்கப்பட்ட தண்டனை 18 மாதம். 2026 மார்ச் 20 வரை. எந்த மருந்தும் அவரிடம் கிடைத்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. முதலாளி நியமித்த அமைப்பு முதலாளியின் பெரிய நட்சத்திரத்தையே தண்டித்தது என்பதை அந்த அமைப்பின் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

ஆறு மாதம் காத்திருந்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் குண்டர்சனின் குழு 2013-ல் வெளியிட்ட எலி ஆய்வு இங்கே சங்கடம் தருவது. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்த எலிகளின் தசை நார்களில் உட்கருக்கள் கூடின. மருந்தை நிறுத்தியதும் தசை பழைய அளவுக்குச் சுருங்கியது, உட்கருக்கள் தங்கிவிட்டன. மூன்று மாதம் கழித்து, எலியின் ஆயுளில் கணிசமான பங்கு அது, ஆறு நாள் சுமை கொடுத்தபோது அந்தத் தசை சுமார் 30 சதவீதம் வளர்ந்தது. மருந்தே காணாத எலிகளிடம் குறிப்பிடும்படி வளர்ச்சி இல்லை. மனிதருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் காத்திருப்புக் காலம் உடம்பைக் கழுவிச் சுத்தமாக்குகிறது என்ற எண்ணத்தைக் கைவிட இது போதும். காத்திருப்பின் பயன் அது அல்ல. கண்காணிப்பு உண்டு என்று தெரிந்த ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பதும், முடிவுகள் சண்டைக்கு முன்னால் கைக்கு வரச் செய்வதுமே பயன்.

ஆகவே விலக்கே கூடாது என்ற இறுக்கமான நிலைப்பாட்டில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. தப்பான ஆளுக்கும் சரியான ஆளுக்கும் ஒரே பூட்டு போடும் விதி ஏதோ ஒரு நாள் சரியான ஆளை வதைக்கும். எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று, விலக்கு தருபவருக்கு அந்தச் சண்டையின் வசூலில் பங்கு இருப்பது. மற்றது, அந்த விலக்கின் விலையைத் தன் உடம்பால் கட்டப்போகிறவரிடம் யாரும் கேட்காதது. லெஸ்னருக்கு விலக்கு கொடுத்ததில் பயன்பெற்றவர்கள் லெஸ்னரும் யுஎஃப்சியும். ஆபத்தை ஏற்றவர் ஹன்ட். விலக்குக் கோரிக்கை வந்தவுடன் எதிராளிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் மறுத்தால் சம்பளமோ தரவரிசையோ போகாது என்று உறுதி கொடுத்து, கையெழுத்தான பின்னும் முதலில் எடுத்த மாதிரிகளின் முடிவு வராமல் இருவரையும் கூண்டுக்குள் விடாமல் இருந்தால் மட்டுமே அதை நியாயமான விலக்கு என்று பேச ஆரம்பிக்கலாம்.

ஹன்ட் இதைவிடக் குறைவாகத்தான் கேட்டார். எதிராளி சோதனையில் சிக்கினால் அவருடைய சம்பளம் முழுவதும் தனக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கிடைக்கவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, பிழைப்புக்காக, 2017 மார்ச் 4 அன்று லாஸ் வேகாஸில் மறுபடி கூண்டுக்குள் போனார். எதிரே யுஎஃப்சி நிறுத்தியது அலிஸ்டர் ஓவரீமை, 2012-ல் நெவாடாவின் திடீர்ச் சோதனையில் டெஸ்டோஸ்டிரோன் விகிதம் 14-க்கு 1 என்று வந்து, ஒன்பது மாதம் உரிமம் மறுக்கப்பட்டவரை. மூன்றாம் சுற்றில் ஓவரீமின் முழங்கால் பட்டு ஹன்ட் விழுந்தார். அந்த ஒப்பந்தத்திலும் அவர் கேட்ட வரி இல்லை.